தகரப்பெட்டியில் ஒரு குடும்ப அட்டை

கேள்வி: 1973-இல் தாத்தா இலங்கையின் பதுளையில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் பிடித்து வந்தவர். அவருடைய தகரப்பெட்டியில் குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்தது), தோட்டத்துப் பிறப்புச் சீட்டு, லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வந்த கடிதங்கள் எல்லாம் உள்ளன. ஆடி மழைக்குப் பூஞ்சை பிடிக்கிறது. யுனெஸ்கோ இவற்றை வாங்கிப் பாதுகாக்குமா? - வாசகி, கூடலூர்

வாங்காது அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது 1992-இல் யுனெஸ்கோ தொடங்கிய 'உலக நினைவகம்' திட்டமாக இருக்கும். பெயரைப் பார்த்துக் கிடங்கு என்று நினைத்துவிடுகிறோம். அது வெறும் பதிவேடு. ஏடு இருக்கிற இடத்திலேயே இருக்கும், அதன் பெயர்தான் பட்டியலில் ஏறும். இந்தியாவிலிருந்து முதலில் ஏறியது தமிழ்தான்: 1997-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள். 2005-இல் புதுச்சேரியின் சைவச் சுவடிகள் சேர்ந்தன. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட அந்தச் சுவடிகள் இன்றும் புதுச்சேரியில்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நாடு தன் பெயரில் இரண்டு விண்ணப்பம்தான் போடலாம். அந்த வரிசையில் ஒற்றைத் தகரப்பெட்டிக்கு இடம் கிடைக்காது.

அதற்காகப் பரணில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2011-இல் பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் நான்கும் கூட்டாக விண்ணப்பித்துப் பட்டியலில் ஏற்றியது எதைத் தெரியுமா? ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் பதிவுகளை. ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு என்று ஏதோ ஒரு குமாஸ்தா அவசரத்தில் கிறுக்கிய சீட்டுகள். அதை வைத்துத்தான் இன்று கொள்ளுப் பேரன்கள் பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். 2015-இல் மொரிஷியஸின் பதிவுகளும் ஏறின. உங்கள் தாத்தாவின் குடும்ப அட்டையும் அந்த வகைக் காகிதம்தான். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரு நாடும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் 5,25,000 பேர். அவர்களுடைய காகிதமெல்லாம் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து ஒருநாள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களுக்காக 2003-இல் இரு நாடும் ஒரே விண்ணப்பத்தில் இருந்தவைதானே!

இப்போது செய்ய வேண்டியது: நல்ல வெயில் நாளில் பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் கூடாது, மை வெளுத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டுங்கள். ஈரத்தோடு தொட்டால் அப்பிக்கொள்ளும். ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் போடாமல், செல்போனை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், கணக்கு, முகவரி, யாருக்கோ கொடுத்த கடன் எல்லாம் அங்கேதான் இருக்கும். பாட்டி இருந்தால் ஒவ்வொரு காகிதத்தையும் காட்டிக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிவையுங்கள். 'காம்பரா' என்று சொன்னால் அதை 'அறை' என்று திருத்த வேண்டாம்.

கேள்வி: பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்துவிட்டால் கவலையில்லை அல்லவா? - வாசகர், கோத்தகிரி

தயவுசெய்து வேண்டாம்! நூலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய நானே அந்தத் தப்பைச் செய்தேன். அப்பாவின் வேலை உத்தரவை ஒரு கடையில் கொடுத்தேன். சூட்டில் ரப்பர் ஸ்டாம்ப் ஊதா நிறத்தில் இளகிப் பரவி, கையெழுத்தை மூடிவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் சேர்ந்து வரும். இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறேன். தாளை ஒட்டாமல், தளர்வான காகித உறையில் வையுங்கள்.

கேள்வி: நம் நீலகிரி மலை ரயிலும் அந்த உலக நினைவகப் பட்டியலில்தானே இருக்கிறது? - வாசகர், குன்னூர்

இல்லை. அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியல், 2005-இல் சேர்ந்தது. இரண்டும் யுனெஸ்கோவுடையவைதான்; அங்கே ரயில் பாதை, இங்கே காகிதமும் ஒலிநாடாவும் படச்சுருளும். ரயிலில் வேலை பார்த்த யார் வீட்டிலாவது பழைய டைரி இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்து வெலிங்டனிலிருந்து நடந்தே வந்து பார்க்கிறேன்.