நேர்ந்துவிட்ட கிடா எதற்குத் தலையைச் சிலுப்புகிறது?

கேள்வி: தென்காசிப் பக்கத்து மலையடிவார ஊர் ஒன்றைக் கற்பனை செய்து, 4,000 சொற்களில் ஒரு ஃபோக் ஹாரர் (நாட்டார் வழக்கங்களை வைத்துப் பயமுறுத்தும்) சிறுகதை எழுதியிருக்கிறேன். நில அளவையர் ஒருவர் ஊருக்கு வருகிறார். பனிமூட்டம், ஆந்தை அலறல், செல்போன் சிக்னல் கிடையாது, எல்லோரும் முறைக்கிறார்கள். கடைசியில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவன்று நடுச்சாமத்தில், கறுப்பு உடை உடுத்திய ஊரார் வட்டமாக நின்று மந்திரம் ஓத, அவரைப் பலி கொடுக்கிறார்கள். படித்த நண்பர்கள் ‘பயமே வரலை, முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு’ என்கிறார்கள். எதை மாற்றுவது?
– தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: நண்பர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆந்தையும் முறைப்பும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டால் வாசகர் உஷாராகிவிடுவார். ‘இந்த ஆள் மட்டும் ஏன் இன்னும் பஸ் ஏறவில்லை?’ என்ற எரிச்சல்தான் மிஞ்சும். ஆந்தையை விரட்டுங்கள். ஊர் நல்ல ஊராக இருக்கட்டும். அளவையருக்கு வாய்க்கு ருசியாகச் சோறு போடட்டும்.

அவர் வெளியேற முடியாததற்குச் சிக்னலை நம்பாதீர்கள். கொடைக்கே அதற்கான சட்டம் உண்டு. காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் உள்ள கட்டுப்பாடு. பந்தல்கால் நடும் கால்நாட்டுச் சடங்குக்கும் கொடைக்கும் இடையே எட்டு நாள் வையுங்கள். கால்நாட்டுக்கு முந்தின நாள் அவர் வந்து சேரட்டும். மறுநாளிலிருந்து, ‘கொடை முடிஞ்சு போவலாம் சார், என்ன அவசரம்?’ என்று ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். கதவைப் பூட்ட வேண்டியதில்லை.

அவரைக் கட்டிப்போடும் கயிறு வரி நோட்டு. ஊர்க்காரர்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தருவது தலைக்கட்டு வரி. வெளியாள் தருவது நன்கொடை. இரண்டுக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம். அளவையர் சந்தோஷமாக 101 ரூபாய் நீட்டுகிறார். கணக்கெழுதுகிறவர் நன்கொடைப் பக்கத்தைத் திறக்கிறார், கொஞ்சம் யோசிக்கிறார், வரிப் பக்கத்துக்குத் திருப்புகிறார். 62 தலைக்கட்டுக்குக் கீழே 63 என்று போட்டு அவர் பெயர் ஏறுகிறது. தன்னையும் ஊரில் ஒருவராகச் சேர்த்துவிட்டார்கள் என்று அவருக்குப் பெருமை. வரி கொடுத்தவருக்குக் கோயிலில் பங்கு உண்டு என்றால் கோயில் கடனிலும் பங்கு உண்டு. அதை நீங்கள் விளக்க வேண்டாம்.

கறுப்பு உடை, வட்டம், மந்திரம் மூன்றும் மேல்நாட்டுப் படங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை, எடுத்துவிடுங்கள். கொடைக்கு ஊரே புதுத்துணி உடுத்தும். சீரியல் பல்பு, ரேடியோ செட், பலூன்காரர், ஐஸ் வண்டி எல்லாம் இருக்கும். வெள்ளி மதியக் கொடை, இரவு சாமக் கொடை என்று வைத்துக்கொண்டால், வில்லுப்பாட்டுக்கும் மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் உரிய நேரம் தானாக அமைந்துவிடும். சாமத்தில் சல்லடமும் கச்சையும் கட்டிய சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். ரத்தம் கலந்த சோற்றுத் திரளையை மேலே வீசுவதும் உண்டு. அது திரும்பக் கீழே விழாது என்பது நம்பிக்கை. இத்தனை இருக்க, பனிமூட்டம் எதற்கு?

‘ஏன் இந்த வருஷம், ஏன் இந்த ஆள்?’ என்ற கேள்விக்கு உங்கள் பிரதியில் பதிலே இல்லை. கதையை 2003க்கு நகர்த்திப் பாருங்கள். கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடை விதிக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி அந்த ஆகஸ்டில் அரசு உத்தரவு வந்தது. 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆறு மாதத்துக்குள், ஆவணிக் கடைசி வெள்ளியில் கொடை வைக்கிற கோயிலாக உங்கள் கோயில் இருக்கட்டும். கோயில் வாசலில் போலீஸ். கிடாவுக்குப் பதில் குங்குமம் தடவிய பூசணிக்காய். நேர்ந்துவிட்ட கிடா கொட்டகையில் உயிரோடு தழை தின்கிறது. ஊர் அதற்காக அழவோ கத்தவோ வேண்டாம். கணக்கு மட்டும் பார்க்கட்டும். சிக்னல் பிரச்சினையும் அத்தோடு தீர்ந்தது.

அந்தக் கிடாவை வைத்துத்தான் முடிவை விதைக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு தலையைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. சிலுப்பாதவரை அரிவாள் ஓங்க மாட்டார்கள். கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு பொடியன் விளையாட்டாகக் கிடா மேல் சொம்புத் தண்ணீரை ஊற்றி, ‘சிலுப்பிட்டுல்லா, சாமி சரின்னுட்டு’ என்று அளவையரிடம் காட்டட்டும். ஐந்தாறு வரி போதும். அடுத்த வரியிலேயே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். அங்கே நின்று அழுத்தினால் வாசகர் பிடித்துவிடுவார்.

இனி நடுச்சாமப் பலி தேவையில்லை. கணியான் கைவெட்டில், அதாவது கூத்தாடும் கணியான் தன் கையைக் கீறிக்கொள்ளும் சடங்கில், சொட்டிய ரத்தம் கலந்த சோற்றைத்தான் வெள்ளி இரவு வீசுகிறார்கள். சனிக்கிழமை காலை போலீஸ் கிளம்பிப் போகிறது. சுடுகாட்டு ஓரம் அளக்கப் போன அளவையர், எல்லைக்கல்லில் ஒட்டிக் காய்ந்திருக்கும் சிவந்த சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு அளக்கிறார். அது கீழே விழுந்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். ஊர் திரும்பினால் மஞ்சள் நீராட்டு. சிரிப்பும் கும்மாளமுமாக ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுகிறார்கள். அவர் தலையிலும் ஒரு குடம் கவிழ்கிறது. கண்ணில் வழியும் தண்ணீரை உதற அவர் தலையைச் சிலுப்புகிறார். பெண்கள் குலவையிடுகிறார்கள். அங்கே முடித்துவிடுங்கள். அரிவாளுக்கு நீங்கள் செலவழித்த 600 சொற்களும் வேண்டாம். இந்தக் காட்சிக்கு 200 தாராளம்.

சுடலைமாடன் பெயரையும் எடுத்துவிடுங்கள். பல குடும்பங்களின் குலசாமி அவர். அவர் தலையில் நரபலியைக் கட்டுவது நியாயமில்லை, கதைக்கும் அது லாபமில்லை. தென்மாவட்டங்களில் கொலையுண்டவர்களும் அற்பாயுளில் செத்தவர்களும் தெய்வமான கதைகள் ஏராளம். அந்த வழியில் உங்கள் ஊருக்கென்று ஒரு சாமியை உருவாக்குங்கள். யாரை, எதற்காக, எந்தக் குடும்பத்தார் கொன்றார்கள் என்று வில்லுப்பாட்டுப் பாணியில் ஒரு பக்கம் தனியே எழுதி வைத்துக்கொண்டு, கதைக்குள் இரண்டு மூன்று துணுக்குகளை மட்டும் விடுங்கள். இத்தகைய கொலைக் கதைகள் பலவற்றில் சாதி இருக்கிறது. அதை மழுப்பாதீர்கள். அதே சமயம், பயங்கரத்தையெல்லாம் ஒடுக்கப்பட்டவர்களின் தெருவில் கொண்டுபோய் இறக்கவும் செய்யாதீர்கள். கொன்றவர்கள் வீட்டுப் பேரன்தான் வரி நோட்டை வைத்திருக்கிறான் என்றால் கதைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

தலைப்பையும் பாருங்கள். ‘நரபலி’ என்று பெயர் வைத்துவிட்டு வாசகரிடம் எதை ஒளிக்கப் போகிறீர்கள்? ‘63ஆவது தலைக்கட்டு’ என்று மாற்றிவிட்டு நண்பர்களிடம் மறுபடி கொடுங்கள். பழைய பிரதியைப் படித்தவர்களிடம் வேண்டாம், வேறு ஆட்களிடம்.