மைட்டோகாண்ட்ரியா நோய்களுக்கு கிரிஸ்பர் ஏன் கைகொடுக்கவில்லை?

"மரபணுவைத் திருத்த கிரிஸ்பர் வந்துவிட்டதே, மைட்டோகாண்ட்ரியா நோய்களை மட்டும் ஏன் குணப்படுத்த முடியவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிக்கல் டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரிக்கோலில் இல்லை, வாசலில். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 37 மரபணுக்கள் கொண்ட தனி டிஎன்ஏ உண்டு. கிரிஸ்பருக்கு வழிகாட்டும் ஆர்என்ஏவை அதன் இரட்டைச் சவ்வைத் தாண்டி உள்ளே அனுப்புவது பெரும்பாடு. புரதமோ, சரியான 'முகவரி' ஒட்டினால் போய்ச் சேர்ந்துவிடும். 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் டேவிட் லியூ, ஜோசப் மூகஸ் ஆகியோரின் குழுக்கள் இதைத்தான் பயன்படுத்தின. பாக்டீரியாவின் நச்சு ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஆர்என்ஏ தேவையே இல்லாத திருத்தியாக்கினார்கள். விஷத்தையே மருந்துக்கு அடித்தளமாக்கிய துணிச்சல் எனக்குப் பிடித்தது!

ஒரு செல்லில் இந்த டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். பழுதானவற்றின் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் பெரும்பாலும் நோய் தலைகாட்டும். ஆகவே எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை, விகிதத்தைக் குறைத்தாலே போதும். ஆனால் தவறான இடத்தில் திருத்திவிடும் ஆபத்து இன்னும் தீரவில்லை.

பிரிட்டன் 2015இல் அனுமதித்த மைட்டோகாண்ட்ரியா தானம் (தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதில் வேறொரு பெண்ணின் கருமுட்டையிலுள்ள நல்லவற்றைக் கொண்டு கரு உருவாக்குவது) வேறு வழி. அந்த முறையில் 8 குழந்தைகள் பிறந்ததாக 2025இல் நியூகாசில் குழு அறிவித்தது. ஆனால் அது வருமுன் காப்பதுதான்; ஏற்கெனவே நோயுற்றவருக்கு உதவாது.