மைக்ரோபயாலஜி டிகிரி இருந்தும் மறுபடியும் மைக்ரோபயாலஜியா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல இருந்து எழுதறேன். நீங்க ஹாஸ்பிட்டல் பத்தி எழுதறத ரொம்ப நாளா படிக்கறேன், இதுவரைக்கும் கடிதம் போட்டதில்ல. எனக்கு 38 வயசு. திருநெல்வேலில பி.எஸ்சி மைக்ரோபயாலஜி, 74 பர்சென்ட். கல்யாணத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு லேப்ல வேலை பாத்தேன். இங்க வந்தப்புறம் ஹெச்-4ன்னு வீட்டுக்காரரோட விசாவ ஒட்டின விசா, பசங்க, வீடுன்னே வருஷம் ஓடிருச்சு. போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்துச்சு. அப்பா ஊர்ல ஐசியூல இருந்தப்போ ஒரு நர்ஸ் அவர பாத்துக்கிட்ட விதத்த பாத்ததுல இருந்து நானும் நர்சிங் படிக்கணும்னு மனசுல இருக்கு.

கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலர போய் பாத்தேன். அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முதல்ல இருந்து படிக்கணும், இங்கிலீஷ் கூட எடுக்கணும்னு சொன்னாங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவளுக்கு எதுக்கு இங்கிலீஷ்? கார்ல வந்து உக்காந்து அழுதுட்டேன். ஒரு பிரைவேட் காலேஜ்ல கேட்டா இவ்ளோ எல்லாம் வேணாம், சீக்கிரமே சேந்துக்கலாம்ங்கறாங்க, ஃபீஸ் ஒரு லட்சம் டாலருக்கு மேல. தெரிஞ்சவங்க ஒருத்தர் சம்மர்லயே ரெண்டு மூணு சயின்ஸ ஒண்ணா போட்டு முடிச்சிரலாம்னு சொல்றார். அத்தை வேற ஃபோன்ல, இவ்ளோ படிச்சிட்டு போயும் போயும் இந்த வேலைக்கான்னு கேக்கறாங்க. என் டிகிரி வேஸ்ட்டா அக்கா? இந்த வயசுல இத ஆரம்பிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல்ல அந்த பிரைவேட் காலேஜுக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டிராதீங்க. கலிஃபோர்னியால எந்த நர்சிங் ஸ்கூலா இருந்தாலும் போர்ட் ஆஃப் ரெஜிஸ்டர்ட் நர்சிங் அப்ரூவ் பண்ணிருக்கணும், லிஸ்ட் அவங்க சைட்லயே இருக்கு, அதுல பேர் இருக்கான்னு நீங்களே பாருங்க. பேர் இருந்தாலும் ஒரு லட்சம் டாலர் உங்களுக்கு தேவையே இல்ல. கம்யூனிட்டி காலேஜ்ல கலிஃபோர்னியா ரெசிடென்ட்டுக்கு ஒரு யூனிட் (கோர்ஸோட அளவு, க்ரெடிட் மாதிரி) 46 டாலர், அஞ்சு யூனிட் அனாடமி கோர்ஸ்னா 230 டாலர், புக்கு லேப் செலவு தனி. அங்க ரெண்டு வருஷம் படிச்சு அசோசியேட் டிகிரி வாங்கறவங்களும், யுனிவர்சிட்டில நாலு வருஷம் பி.எஸ்.என், அதாவது நர்சிங் பேச்சலர்ஸ் படிக்கறவங்களும் கடைசில எழுதறது ஒரே என்கிளெக்ஸ்ங்கற லைசன்ஸ் எக்ஸாம்தான், வாங்கறது ஒரே ஆர்.என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசன்ஸ்தான். பெரிய ஹாஸ்பிட்டல்கள் பி.எஸ்.என் இருக்கறவங்கள முதல்ல எடுக்கறாங்கங்கறது நிஜம், ஆனா அத வேலைல சேந்துட்டே ஆன்லைன்ல முடிக்க வழி இருக்கு. உங்களுக்கு பக்கத்துலயே ஓலோனி இருக்கு, ஹேவர்ட்ல ஷபோ, சான் ஹோசேல எவர்கிரீன் வேலி, கூபர்டினோல டி ஆன்சா, எல்லாத்துலயும் நர்சிங் இருக்கு.

இப்ப டிகிரி விஷயம். கவுன்சிலர் சொன்னதுல பாதிதான் உங்க காதுல விழுந்திருக்குன்னு நெனக்கறேன், மீதிய அவங்க சொல்லாமயும் விட்டிருக்கலாம். இங்க ரெண்டு படி இருக்கு. முதல் படி ப்ரீரெக்விசிட், அதாவது அப்ளிகேஷன் போடவே முடிச்சிருக்க வேண்டிய சப்ஜெக்ட்ஸ். அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூணும் லேபோட, கூட இங்கிலீஷ் காம்போசிஷன். வெளிநாட்டுல படிச்ச சயின்ஸ பல காலேஜ் இதுக்கு எடுத்துக்கறதில்ல, எடுத்துக்கற இடத்துலயும் சிலது அஞ்சு வருஷம் ஏழு வருஷத்துக்குள்ள படிச்சிருக்கணும்னு வெச்சிருக்காங்க, நீங்க முடிச்சு அதுக்கு மேல ஆச்சு. அதனால இந்த படில உங்க பி.எஸ்சி கைகொடுக்காது, அது உண்மை.

ரெண்டாவது படி சீட்டுக்கு போட்டி. சில காலேஜ்ல குலுக்கல், பல காலேஜ்ல பாயின்ட்ஸ். பாயின்ட்ஸ் போடற இடத்துல எதுக்கெல்லாம் போடலாம்னு கலிஃபோர்னியா எஜுகேஷன் கோட்ல 78261.5னு ஒரு செக்‌ஷன் இருக்கு, பொறுமையா உக்காந்து படிங்க. அதுல ஏற்கனவே வாங்கின டிகிரிக்கு பாயின்ட் உண்டு, வேலை அனுபவம், வாலன்டியர் அனுபவத்துக்கு உண்டு, குடும்பத்துல முதல் பட்டதாரி, வருமானம் கம்மி மாதிரி சூழ்நிலைகளுக்கும் உண்டு. இங்கிலீஷ் தவிர வேற மொழி தெரிஞ்சாலும் பாயின்ட் உண்டு, அந்த மொழி லிஸ்ட்ல ஸ்பானிஷ், டகாலாக் கூடவே இந்திய துணைக்கண்டத்து மொழிகள்னும் எழுதிருக்கு. நம்ம தமிழ் அதுல வந்துருது. ஒவ்வொரு காலேஜும் எத்தன பாயின்ட் குடுக்குது, எதை ப்ரூஃபா கேக்குதுங்கறது மாறும், அதனால ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்ல தமிழ் மார்க் இருக்குல்ல, அத எடுத்து பத்திரமா வைங்க. அதனால உங்க டிகிரி வேஸ்ட்டுன்னு இனிமே சொல்லாதீங்க. சப்ஜெக்ட்டா செல்லலன்னாலும் டிகிரியா அதுக்கு மதிப்பு இருக்கு.

மைக்ரோபயாலஜிய மறுபடி படிக்கணும்ங்கறதுக்கு அழுதீங்களே, எனக்கு அது உங்களுக்கு கிடைச்ச நல்ல விஷயமா படுது. இங்க செமஸ்டர்ல ஒரு ப்ராஜெக்ட் வரும், அன்நோன்னு சொல்வாங்க. ஒவ்வொருத்தர் கைலயும் ஒரு ட்யூப குடுத்து இதுல இருக்கறது என்ன பாக்டீரியான்னு கண்டுபிடிச்சு எழுதுன்னு விட்ருவாங்க. 20 வயசு பசங்க பாக்டீரியாவ தட்டுல இழுத்து பரப்பற ஸ்ட்ரீக் பண்ணத் தெரியாம, அது வளர்ற ஜெல்லி மாதிரி அகாரையே கிழிச்சிட்டு நிப்பாங்க. பாக்டீரியாவ கலர் போட்டு பிரிச்சு பாக்கற கிராம் ஸ்டெய்ன்ல ஆல்கஹால ரெண்டு செகண்டு அதிகமா விட்டுட்டு பர்ப்பிளா தெரிய வேண்டியது பிங்க்கா தெரியுதேன்னு முழிப்பாங்க. லேப்ல வேலை பாத்த உங்களுக்கு அது கை பழகின வேலை. 74 பர்சென்ட் நம்ம ஊர்ல நல்ல மார்க், இங்க பாக்கற கண்ணுக்கு அது அவ்ளோ நல்ல மார்க்கா தெரியாது. இங்க உங்க ஜிபிஏ, அதாவது நாலுக்கு எவ்ளோன்னு போடற கிரேடு சராசரி, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுல நல்லா தெரிஞ்ச சப்ஜெக்ட்ல ஒரு ஏ விழப்போகுது.

சம்மர்ல எல்லாத்தயும் முடிக்கறதப் பத்திதான் எனக்கு ரொம்ப கவலை, உங்க கடிதத்த இங்க எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டதே இதுக்காகத்தான். நம்ம படிச்ச முறைல அரியர்ங்கறது பெரிய விஷயமே இல்ல, ஒரு செமஸ்டர்ல போச்சுன்னா அடுத்ததுல க்ளியர் பண்ணிக்கலாம், கடைசில டிகிரி கைல வந்தா யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. அந்த பழக்கத்தோட இங்க வந்து நம்ம பொண்ணுங்க நிறைய பேர் சிக்கிக்கறாங்க. இங்க கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்குக்குன்னே அந்த காலேஜ்களுக்கெல்லாம் தலைமையான சான்சலர் ஆபீஸ்ல இருந்து வந்த ஒரு ஃபார்முலா இருக்கு, அது பாக்கறது நாலு விஷயம்: மொத்த காலேஜ் ஜிபிஏ, இங்கிலீஷ் ஜிபிஏ, அந்த மூணு பயாலஜியோட ஜிபிஏ, அப்புறம் அந்த மூணுல எத மறுபடி எடுத்தீங்க, எத்தன தடவைங்கறது. ஃபெயிலானது மட்டும் இல்ல, பாதில விட்டு டிரான்ஸ்கிரிப்ட்ல (மார்க் பட்டியல்ல) வித்ட்ராங்கற டபிள்யூ விழுந்ததயும் பல காலேஜ் ரிபீட்டாதான் எண்ணும். பல இடத்துல ஒரு ரிபீட்டுக்கு மேல போனா அப்ளிகேஷனே போட முடியாது. அதனால முதல் தடவை எழுதறதுதான் இங்க கணக்கு.

மினிமம் ஜிபிஏ 2.5னு போட்டிருக்கறத பாத்து தைரியமாயிராதீங்க, போட்டிக்கு வர்றவங்க 4.0 பக்கத்துல இருப்பாங்க. ஆறு வார சம்மர்ல அனாடமின்னா திங்கக்கிழமை எலும்பு, வியாழக்கிழமை டெஸ்டுன்னு போகும். லேப் பிராக்டிகல் எப்பிடி இருக்கும்னா, டேபிள் டேபிளா மாடல் வெச்சு அதுல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க, ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ டைம், மணி அடிச்சா அடுத்த டேபிள். ஸ்பீனாய்டு எலும்புல ஒரு ஓட்டைய காட்டி பேர் என்ன, வழியா போற நரம்பு எதுன்னு கேப்பாங்க. ஃபொராமென் ஒவேல், மான்டிபுலர் நரம்புன்னு தெரிஞ்சிருந்தாலும் ஸ்பெல்லிங் தப்பா எழுதினா மார்க் போச்சு. அத மண்டைல ஏத்த வாரக்கணக்குல அந்த எலும்ப கைல வெச்சு திருப்பி திருப்பி பாக்கணும். ரெண்டு பசங்கள வெச்சுக்கிட்டு சம்மர்ல, அதுவும் ஸ்கூல் லீவுல, மூணு சயின்ஸ ஒண்ணா போடுன்னு சொன்னவர் நல்லெண்ணத்துலதான் சொல்லிருப்பார், ஆனா கேக்காதீங்க.

ஃபால்ல (ஆகஸ்ட்ல ஆரம்பிக்கற செமஸ்டர்) கெமிஸ்ட்ரியும் இங்கிலீஷும் போடுங்க. பிசியாலஜிக்கும் மைக்ரோபயாலஜிக்கும் முன்னாடி பல இடத்துல கெமிஸ்ட்ரி கேப்பாங்க, அத யாரும் முதல்லயே சொல்ல மாட்டாங்க. ஸ்ப்ரிங்ல அனாடமி மட்டும். அடுத்த வருஷம் பிசியாலஜி ஒரு செமஸ்டர், மைக்ரோ ஒரு செமஸ்டர். ஒரு சயின்ஸ், ஒரு செமஸ்டர், ஒரு ஏ. கிளாஸ் ஆரம்பிச்சதும் இது நமக்கு சரிவராதுன்னு தோணினா, டபிள்யூ விழாம ட்ராப் பண்ண கடைசி தேதி காலேஜ் காலண்டர்ல இருக்கும், பொதுவா முதல் ரெண்டு வாரத்தோட முடிஞ்சிரும், அத ஃபோன்ல அலாரமா வெச்சுக்கங்க. இன்னொண்ணு, புது ஸ்டூடன்ட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் தேதி கடைசிலதான் வரும், அனாடமி சீட் அதுக்குள்ள ஃபுல்லாயிரும், வெயிட்லிஸ்ட்ல பேர குடுத்துட்டு முதல் நாள் கிளாஸுக்கு நேர்ல போய் நில்லுங்க. வராதவங்க இடத்துல ப்ரொஃபசர் வெயிட்லிஸ்ட்ல இருக்கறவங்கள வரிசையா சேப்பாங்க.

இங்கிலீஷ் பத்தி கேட்டீங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு யாரும் சொல்லல. அந்த கிளாஸ்ல சொல்லித்தர்றது ஒரு விஷயத்த எடுத்து, நாலு கட்டுரைய படிச்சு, யார் சொன்னது எங்க இருந்துன்னு காட்டி வாதம் பண்ணி எழுதறது, நம்ம ஊர்ல நாம செஞ்சதே இல்லாத வேலை. நர்சிங் ஸ்கூல் முழுக்க அதுதான் தேவைப்படும். முன்ன மாதிரி ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்டும் இல்ல, 2017ல வந்த ஏபி 705 சட்டத்துக்கப்புறம் நேரா காலேஜ் லெவல் இங்கிலீஷ்லயே சேரலாம்.

ப்ரீரெக்விசிட் முடியறப்போ டீஸ்ங்கற நர்சிங் என்ட்ரன்ஸ் எக்ஸாம் எழுதணும். 170 கேள்வி, 209 நிமிஷம், ரீடிங், மேத்ஸ், சயின்ஸ், இங்கிலீஷ். கலிஃபோர்னியால பாஸ் 62 பர்சென்ட், ஆனா பாயின்ட்ஸ் போடற காலேஜ்ல ஸ்கோர் ஏற ஏற நல்லது. சில காலேஜ் முதல் அட்டெம்ப்ட மட்டும்தான் எடுத்துக்கும், அதனால சும்மா எழுதிப் பாக்கலாம்னு போயிராதீங்க.

சீட் கிடைச்சப்புறம் பேக்கிரவுண்ட் செக், ட்ரக் டெஸ்ட், சி.பி.ஆர் கார்டு, தடுப்பூசி ரெக்கார்டுன்னு ஒரு பெரிய லிஸ்ட் வரும். அதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. தோள்ல பி.சி.ஜி தழும்பு இருக்குல்ல, அதனால டிபிக்கு கைல போடற தோல் டெஸ்ட் நமக்கு பல தடவை பாசிட்டிவ்னு காட்டும், உடனே எக்ஸ்ரே அது இதுன்னு ஓடணும். ரத்தத்துல பாக்கற குவான்டிஃபெரான் டெஸ்ட்ட பி.சி.ஜி பாதிக்காது, அதையே எடுத்துக்கலாமான்னு முதல்லயே கேட்ருங்க. ஹெபடைட்டிஸ் பி ஊசிய வழக்கமான மூணு டோஸா போட்டா ஆறு மாசம் ஆகும், அத இப்பவே டாக்டர்கிட்ட பேசி ஆரம்பிக்கலாம்.

அத்தை சொன்னது. அவங்க மேல கோவப்படாதீங்க, அவங்க பாத்த ஊர்ல நர்ஸ் பட்ட பாட்டையும் வாங்கின சம்பளத்தையும் வெச்சு பேசறாங்க. உடம்ப தொடற வேலைதான், மறைக்க வேண்டியதில்ல, முதல் செமஸ்டர் கிளினிக்கல்லயே, அதாவது ஹாஸ்பிட்டல் ட்ரெய்னிங்லயே, முடியாதவங்கள குளிப்பாட்டி, பெட்பேன் வெச்சு எடுக்கத்தான் கத்துக்குடுப்பாங்க. நான் வேலை பாக்கற ஹாஸ்பிட்டல் ஃப்ளோர்ல ஒரு தடவ நம்ம ஊர் பாட்டி ஒருத்தங்க அட்மிட் ஆகிருந்தாங்க, மகன் வீட்டுக்கு வந்த இடத்துல முடியாம போயிருச்சு. பகல் முழுக்க தண்ணியே குடிக்கல, சார்ட்ல குடிக்க மறுக்கறாங்கன்னு எழுதிருந்துச்சு. நான் போய் ஏம்மா தண்ணி வேணாமான்னு தமிழ்ல கேட்டதும் கைய பிடிச்சுக்கிட்டாங்க. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், பெல்ல அடிச்சு இவங்கள எத்தன தடவ கூப்பிடறதுன்னு கூச்சமா இருந்துச்சுன்னு மெதுவா சொன்னாங்க. கன்சென்ட் மாதிரி விஷயத்துக்கு ஹாஸ்பிட்டல்ல இன்டர்ப்ரெட்டர் இருக்காங்க, அத அவங்கதான் செய்யணும், ஆனா இந்த மாதிரி ஒரு வார்த்தைய யாரும் இன்டர்ப்ரெட்டர கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க. உங்க அப்பாவ பாத்துக்கிட்ட அந்த நர்ஸ் செஞ்சதும் இந்த வேலைதானே. அத அத்தைகிட்ட அப்பிடியே சொல்லுங்க.

வயசு ஒரு விஷயமே இல்ல, சட்டத்துலயும் இல்ல, கிளாஸ்லயும் இல்ல. ரெண்டு வருஷம் ப்ரீரெக்விசிட், ரெண்டு வருஷம் ப்ரோக்ராம், நடுவுல சீட்டுக்கு காத்திருக்கறது வேற, எப்பிடியும் 43 ஆகும். படிக்கலன்னாலும் 43 ஆகத்தான் போகுது.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்ங்க. உங்க டிகிரி இங்க எதுக்கு சமம்னு எவால்யுவேட் பண்ண, நேசஸ்ங்கற (NACES, இந்த ஏஜென்சிகளோட சங்கம்) அமைப்புல மெம்பரா இருக்கற ஏஜென்சிலதான் குடுக்கணும், எந்த ஏஜென்சி, எந்த மாதிரி ரிப்போர்ட்னு காலேஜ்ல கேட்டுட்டு பணம் கட்டுங்க, ஏன்னா நம்ம மூணு வருஷ பி.எஸ்சிய சில ஏஜென்சி முழு பேச்சலர்ஸா எழுதும், சிலது மூணு வருஷ படிப்புன்னு மட்டும் எழுதும், பாயின்ட் அதப் பொறுத்துதான். யுனிவர்சிட்டில இருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேரா ஏஜென்சிக்கு போகணும்னு கேப்பாங்க, அதுக்கு ஊர்ல யாராவது கன்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ் ஆபீஸுக்கு நேர்ல போனாதான் சீக்கிரம் நடக்கும். தம்பியோ தங்கச்சியோ யார் இருக்காங்கன்னு பாத்து இன்னைக்கே ஃபோன் பண்ணிருங்க. கவுன்சிலர்கிட்ட மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, இந்த தடவ எஜுகேஷன் ப்ளான எழுத்துல போட்டுத் தரச் சொல்லுங்க. அனாடமில எங்கயாவது மாட்டிக்கிட்டா எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா