அப்டேட்டை நீக்கியபின் பெயின்ட், கால்குலேட்டர் காணோமா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில், ஒரு அப்டேட்டை நீக்கியதும் பெயின்ட், நோட்பேட், கால்குலேட்டர் மூன்றும் மறைந்துவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீங்க, பில்லும் ஃபைலும் அப்படியேதான் இருக்கும்.

முதலில், நிரல் போய்விட்டதா, மெனுவில் பெயர் மட்டும் போய்விட்டதா என்று பாருங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். திறந்தால் நிரல் பத்திரம். கீழே டாஸ்க்பாரில் அதன்மேல் வலது கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' கொடுத்தால் போதும்.

திறக்கவில்லையா? விண்டோஸ் 10-இன் '2004' என்ற பதிப்பிலிருந்து (அது ஆண்டு அல்ல, 2020-ல் வந்த பதிப்பின் எண்) நோட்பேட், பெயின்ட், வேர்ட்பேட் மூன்றும் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ், அதாவது வேண்டுமானால் சேர்க்கும் வசதிகள் பட்டியலில்தான் இருக்கின்றன. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, 'ஆட் எ ஃபீச்சர்' வழியாக அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நெட் வேண்டும். கால்குலேட்டர் வேறு வகை. அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாக மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கால்குலேட்டர் போன்ற ஸ்டோர் ஆப் பட்டியலில் இருந்தும் திறக்கவில்லை என்றால், செட்டிங்ஸின் ஆப்ஸ் பகுதியில் அதன் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் ரிப்பேர் கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ரீசெட்டை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம், அது அந்த ஆப்பின் தகவலை அழித்துவிடும். குறிப்பு எழுதும் ஸ்டிக்கி நோட்ஸ் ஆப்பில் பார்ட்டி பாக்கி குறித்து வைத்திருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம், நீக்கிய அப்டேட் தானாகவே திரும்ப வரும். 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்குமேல் தள்ளுவது பாதுகாப்புக்கு நல்லதல்ல.