மூன்றாம் கட்டப் புள்ளி குளத்தில் விழுகிறது: ‘அ’வைச் சரிபாருங்கள்

ஜியோகேச்சிங்கில், அதாவது ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளை வைத்து ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டில், அமெரிக்கப் படைவீரர் நினைவுப் பூங்கா ஒன்றில் மூன்றாம் கட்டப் புள்ளி குளத்துக்குள் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆயத்தொலைவில் வரும் ‘அ’ என்ற எழுத்துக்கு 4 அல்ல, 7 போட்டுப் பாருங்கள்.

முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டின் கடைசி இலக்கம்தானே ‘அ’? நீங்கள் நினைவிலிருந்து 1914 என்று எடுத்திருக்கிறீர்கள். அமெரிக்கா போரில் இறங்கியது 1917 ஏப்ரலில். அங்குள்ள படைவீரர் நினைவுப் பூங்காக்களில் பெரும்பாலும் அந்த ஆண்டையே கல்லில் செதுக்கியிருப்பார்கள். விடை எப்போதும் கல்லில் இருப்பதுதான், பாடப்புத்தகத்தில் இருப்பது அல்ல.

வடக்கு ஆயத்தொலைவில் நிமிட எண்ணின் இரண்டாம் தசம இலக்கத்தில் ‘அ’ வருகிறது என்றீர்கள். அங்கே ஓர் எண் மாறினால் புள்ளி சுமார் 18.5 மீட்டர் நகரும். மூன்று மாறினால் 55 மீட்டர். வரைபடத்தில் அவ்வளவு வடக்கே தள்ளிப் பாருங்கள். கரையில் விழுந்தால் சிக்கல் தீர்ந்தது. இன்னும் நீரில்தான் என்றால், ஜிபிஎஸ் கருவி ஆயத்தொலைவைப் பாகை, தசம நிமிட வடிவில் (பாகை, நிமிடம், விநாடி வடிவில் அல்ல) எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும்: பெட்டியைத் தேடும்போது மலர்வளையத்தையோ சிறு கொடிகளையோ நகர்த்தாதீர்கள், மண்ணைத் தோண்டாதீர்கள். கல்லில் ஒரு பெயரின் முன் யாராவது நின்றுகொண்டிருந்தால், அவர் போகும்வரை காத்திருங்கள்.