அதிகாரமே இல்லாத மன்னரால் மக்களுக்கு என்ன பயன்?

நாட்டை ஆள்வது பிரதமர்தான் என்றால் மன்னர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால், 1989 முதல் 2019 வரை அங்கே பேரரசராக இருந்த அகிஹிதோவை வைத்தே சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிறப்பால் யாருக்கும் பதவி வரக் கூடாது என்பதுதான் என் கட்சி. இவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை பதவிக்காக அல்ல.

1947-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியல் சட்டம், பேரரசரை நாட்டின் சின்னம், மக்கள் ஒற்றுமையின் சின்னம் என்கிறது. ஆட்சி அதிகாரம் துளிகூடக் கிடையாது. சரி, சின்னமாக இருப்பவர் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும்? சில சடங்குக் கடமைகளைத் தவிர அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அகிஹிதோ தன் பதிலை நடந்து நடந்தே கண்டுபிடித்தார்.

1991-இல் நாகசாகி மாகாணத்தில் உன்சென் எரிமலை சீறியதில் 43 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே அவரும் பேரரசி மிச்சிகோவும் அங்கே போனார்கள். வீடிழந்தவர்கள் தங்கியிருந்த கூடத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டு, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அவர்களோடு பேசினார்கள். 1945 வரை அவருடைய அப்பா ஹிரோஹிதோ வாழும் தெய்வமாக வணங்கப்பட்டவர் என்பதை நினைத்துப் பாருங்கள். பேரரசர் மண்டியிடுவதாவது என்று பழமைவாதிகள் சிலர் கண்டித்து எழுதினார்கள். 1995-இல் கோபே நிலநடுக்கத்தின்போதும் அவர் அதையேதான் செய்தார்.

2011 சுனாமிக்குப் பிறகு ஏழு வாரம் விடாமல் தொடர்ந்து முகாம் முகாமாகப் போனார். அப்போது வயது 77. நான் குடியிருந்த கட்டடத்தில் அந்தச் சுனாமியில் அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். அவர் தங்கிய முகாமுக்கும் பேரரசர் வந்திருக்கிறார். "என்ன பேசினார் பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். "ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை" என்றார். வீட்டைத் திருப்பித் தர அவரால் முடியாது, அணு உலையை மூடும் உத்தரவும் போட முடியாது. அது பாட்டிக்கும் தெரியும்.

ஒகினாவா இதைவிடக் கடினமான இடம். 1945 போரில் அந்தத் தீவு மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டார்கள். அதுவும் அப்பாவின் பெயரால் நடந்த போரில். 1975-இல் இளவரசராக முதல்முறை போனபோது, அந்தப் போரில் இறந்த மாணவிகளின் நினைவிடத்தில் அவர் மேல் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அவர் பயணத்தை ரத்து செய்யவில்லை. பதவி விலகுவதற்குள் மொத்தம் 11 முறை ஒகினாவா போய்வந்தார். அந்தத் தீவின் பாட்டு வடிவத்தைக் கற்று, அதிலேயே கவிதை எழுதினார். ஒரு காயத்தை ஆற்ற நாற்பது வருடத்துக்கும் மேல் திரும்பத் திரும்பப் போன ஒரு பிரதமரை எனக்குத் தெரியாது. தேர்தலில் நிற்பவருக்கு அவ்வளவு காலமும் கிடைப்பதில்லை.

2013 டிசம்பரில் சென்னைக்கும் வந்தார். கலாக்ஷேத்ராவில் நடனம் பார்த்ததோடு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றுக்கும் இருவரும் போனார்கள்.

2016 ஆகஸ்ட் 8 அன்று தொலைக்காட்சியில் பேசினார். புற்றுநோய் அறுவை, இதய பைபாஸ் எல்லாம் முடிந்து அப்போது 82 வயது. பதவி விலக விரும்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் அது அரசியலில் தலையிடுவதாகிவிடும். விலகுவதற்குச் சட்டத்தில் வழியும் இல்லை. அதனால் முதுமையில் கடமையை முழுதாகச் செய்ய முடியாமல் போகுமோ என்ற கவலையை மட்டும் சொன்னார். அன்று மாலை படிக்கட்டில் பாட்டியைப் பார்த்தேன். "ஹெய்கா இனி ஓய்வெடுக்கட்டும். முட்டி வலிக்குமில்லையா" என்றார். பேரரசரை அங்கே ஹெய்கா என்றுதான் அழைப்பார்கள்.

மறு வருடம் நாடாளுமன்றம் அவர் ஒருவருக்காக மட்டும் தனிச் சட்டம் இயற்றியது. 2019 ஏப்ரல் 30 அன்று, சுமார் 200 வருடங்களில் தானாக விலகிய முதல் ஜப்பானியப் பேரரசரானார். தன்னைச் சின்னமாக ஏற்றுக்கொண்ட மக்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். பிறகு திரும்பி நின்று, கையை நீட்டி மிச்சிகோவைக் கீழே இறக்கிவிட்டார்.