லோ கியர் துள்ளுகிறதா? கேஸைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: என்னிடம் 2003 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப் இருக்கிறது. கேரட் தோட்டத்துக்குச் செங்குத்தாக இறங்கும் மண் பாதையில் 4எல் (நான்கு சக்கர இழுவையில் லோ கியர்) போட்டு இறங்கினால், பாதி வழியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏறும்போது வருவதில்லை. சில நாள் இதற்கு நேர்மாறாக, தார் ரோட்டுக்கு வந்ததும் லோவிலிருந்து எடுக்கவே முடியாமல் இறுகிக்கொள்கிறது. மெக்கானிக், "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, பழையதைக் கொடுங்க, ரீகண்டிஷன் பண்ணது ஒண்ணு மாத்தித் தரேன்" என்கிறார். மாற்றலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: மாற்ற வேண்டாம். இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். (டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்பும் பெட்டி. குட்டி லீவர் அதனுடையது.)

முதலில் ஒன்று. இது சரியாகும் வரை அந்த இறக்கத்தில் லோடு வைத்து இறங்காதீர்கள். குட்டி லீவர் நியூட்ரலுக்கு வந்த நொடியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. பெரிய லீவர் ஃபர்ஸ்ட் கியரில் கிடந்தாலும் பயனில்லை, முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். நிறுத்தி வைக்கும்போதும் இதே கதைதான். "ஃபர்ஸ்ட் கியர் போட்டுத்தான் நிறுத்தினேன், வண்டி உருண்டு போச்சு" என்று சொல்பவர்களில் சிலருக்குக் குட்டி லீவர் நியூட்ரலில் கிடந்திருக்கும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

இனி உங்கள் நோய்க்கு வருவோம். இறங்கும்போது மட்டும் துள்ளுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது. ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. கேஸுக்குள் பல்லோடு பல் கோர்த்து நிற்கும் வளையத்துக்கு இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தம் வருகிறது. வளையம் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் அந்த அழுத்தம் அதை ஒன்றும் செய்யாது. முக்கால்வாசிதான் போயிருந்தால் வெளியே தள்ளிவிடும். ஆகவே நாம் கேட்க வேண்டியது, "பல் தேய்ந்துவிட்டதா" என்பதற்கு முன்னால், "முழுசாக உட்காருகிறதா" என்பதை.

ஜிப்ஸியில் இந்தக் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் இருக்கும், கேஸ் தனியாக மூன்று ரப்பர் மவுண்டில் தொங்கும். குட்டி லீவர் நேராகக் கேஸின் தலையிலேயே நிற்கிறது. இருபது வருடத்தில் அந்த ரப்பர் கருவாடாகிவிடும். ரப்பர் விட்டால் இழுவையில் கேஸ் முறுக்கிக்கொண்டு திரும்பும். லீவரும் கூடவே சாயும். தரைத் துளையின் தகட்டிலோ இறுகிப்போன ரப்பர் உறையிலோ முட்டும். முட்டினால் பிறகு என்ன, வண்டியே உங்களுக்காகக் கியரை எடுத்துவிடும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். சமதரையில், நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, லீவரைச் சுற்றியிருக்கும் உறையையும் தரை விரிப்பையும் கழற்றுங்கள். அவை இல்லாமல் 4எல் போட்டுப் பாருங்கள். முன்பு போனதைவிட விரலகலம் கூடுதலாகப் போகிறதா? அப்படியானால் குற்றவாளி உறைதான், செலவு சில நூறு ரூபாய். இல்லையென்றால் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கிளட்சைக் கொஞ்சமே விடட்டும், முன்னுக்கு ஒரு தடவை, ரிவர்ஸில் ஒரு தடவை. நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்து லீவரைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. லீவர் தலையாட்டுகிறதென்றால் மவுண்ட் போய்விட்டது. மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், கிழிந்ததை மட்டும் அல்ல.

மவுண்ட் நன்றாக இருந்து, லீவர் மட்டும் ஆடுகிற பல் மாதிரி லொடலொடவென்று இருந்தால், லீவரின் அடிக் குமிழ் உட்காரும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். கையளவு சாமான். அதற்கு அப்புறம் வருவது, லீவர் தள்ளும் கம்பியை அதன் பள்ளத்தில் பிடித்து நிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் லோவில் விழும்போது கையில் அந்த "டக்" தெரியாது, வெண்ணெயில் கத்தி போன மாதிரி வழுக்கிப் போகும். இத்தனையும் பார்த்த பிறகும் துள்ளினால்தான் கேஸைத் திறக்க வேண்டும். திறந்தால் ஃபோர்க்கின் (வளையத்தைத் தள்ளும் கவை) நுனியையும் பல்லின் ஓரத்தையும் பாருங்கள். ஓரம் மழுங்கியிருந்தால் வளையத்தையும் அதோடு சேரும் கியரையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆயிலைச் சொல்ல மறந்தேன். கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயில் இந்தக் கேஸுக்குப் போகாது, இதற்குத் தனியாக ஊற்ற வேண்டும், ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. "சர்வீஸில் எல்லா ஆயிலும் மாத்தியாச்சு" என்ற பில்லில் பல சமயம் இது இருக்காது. வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு ஊற்ற முடியாமல் விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டாவது தொல்லை. லோவிலிருந்து எடுக்க வராமல் இறுகுவது பழுதே அல்ல, இதற்காக ஒருவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஜிப்ஸியில் 4எச் (நான்கு சக்கர இழுவையில் ஹை), 4எல் எதுவானாலும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். வளைவில் முன்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், பின்சக்கரம் குறைவாக. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. அந்த வித்தியாசம் முழுதும் ஷாஃப்டுக்குள் முறுக்காகச் சேர்ந்து பல்லைக் கவ்விக்கொள்கிறது. அப்போது லீவரை இரண்டு கையால் பிடித்து இழுப்பது, சுத்தியால் தட்டுவது எல்லாம் ஃபோர்க்கை வளைக்கும் வேலை. ஸ்டியரிங்கை நேராக வைத்து ரிவர்ஸில் பத்தடி போங்கள். முடிந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இருக்கட்டும். நிறுத்தி, கிளட்சை மிதித்தால் லீவர் விரலுக்கே வரும். நேராக ஓட்டும்போதும் இறுகினால் டயரைப் பாருங்கள். முன்னால் புது ஜோடி, பின்னால் வழுக்கை ஜோடி என்றால் சுற்றளவு வேறு. ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறும். தோட்டத்து வாசலில் தார் தொடங்கும் இடத்திலேயே லோவை எடுத்துவிடுங்கள். ஹப் லாக் (முன்சக்கரத்தை அச்சோடு பூட்டும் திருகு) கையால் திருப்புவதானால், லோ போடும் முன் அதைப் பூட்டவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் லோவின் முழு இழுவையும் பின் அச்சு ஒன்றின்மேல் விழும்.

இனி அந்த "ரீகண்டிஷன்". பழையதைக் கொடுத்தால் புதியது என்பதில் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், நீங்கள் கொடுக்கும் பழையதுதான். உங்கள் கேஸில் ஒரு புஷ் போயிருக்கும், உள்ளே கியர் தங்கமாக இருக்கும். அது போய் அடுத்தவருக்கு "ரீகண்டிஷன்" ஆகும். அவருடைய மழுங்கிய கேஸ் வெள்ளிப் பெயின்ட் பூசி உங்களுக்கு வரும். நானே ஏமாந்திருக்கிறேன். பெயின்ட் பளபளத்தது, வீட்டில் துடைத்துப் பார்த்தால் பழைய கேஸ்கெட்டின் மேலேயே அடித்திருந்தார்கள், போல்ட் ஒன்றைக்கூட யாரும் திறந்த தடம் இல்லை. திரும்பப் போனபோது என்னுடையது விற்றுப்போயிருந்தது. "மிலிட்டரி ஏலத்தில் வந்தது சார்" என்று வேறு சொல்வார்கள். மிலிட்டரி வண்டியும் இருபது வருடம் ஓடியதுதானே.

இன்னொரு பொறி, 970 சிசி பழைய ஜிப்ஸியின் கேஸை உங்கள் 1298 சிசி கிங்குக்கு மாட்டிவிடுவது. வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே விகிதம் வேறு, மேட்டுப்பாளையம் ரோட்டில் இன்ஜின் வீணாகக் கத்தும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கடை மேசையிலேயே எண்ணிப் பாருங்கள். கிங்கின் கேஸில் ஹை விகிதம் 1.409, லோ 2.268. ஹையில் போட்டு, உள்ளே வரும் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் மாட்டும் தட்டு) 14 சுற்று சுற்றினால் பின்னால் போகும் ஃபிளாஞ்ச் ஏறக்குறைய 10 சுற்று சுற்ற வேண்டும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு எண்ணினால் போதும். எண்ண விடாத கடையில் வாங்காதீர்கள்.

வண்டி 15 வருடம் தாண்டிவிட்டதால் மறுபதிவு வலியும் பட்டிருப்பீர்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பழைய வண்டி ஆபத்து என்பதுதான் வாதம். சரி, ஆபத்தென்றால் பாருங்களேன்! ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, ஹாரன் அடிக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். குட்டி லீவரை 4எல்-லுக்குத் தள்ளிப் பார்த்த ஆய்வாளரை நான் இதுவரை கண்டதில்லை. மலைக்காரனின் உயிர் அந்த லீவரில் இருப்பது தாளில் எந்தக் கட்டத்திலும் வராது.

ஆக, உறை, மவுண்ட், புஷ், ஸ்பிரிங், இந்த வரிசையில் போங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டம் காலி வண்டியில், சின்ன இறக்கத்தில், லீவர்மேல் கை வைக்காமல். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சரியானதா இல்லையா என்று தெரியாது, ஃபோர்க்கும் சீக்கிரம் தேயும். கேஸைத் திறக்க வேண்டி வந்தால் உங்கள் மெக்கானிக்கையே, உங்கள் கண்முன்னால், திறக்கச் சொல்லுங்கள். கேஸின் ஓரத்தில் அதற்கு முன்பே பஞ்ச் உளியால் இரண்டு புள்ளி அடித்து வைத்துக்கொள்ளுங்கள், கேஸை மாற்றினால் தெரிந்துவிடும்.